புண்ணுக்கு எத்தனை நாள்?

"காஞ்சது வேணாம்மா. இன்னிக்குக் காலையில வந்தது எது? அதைக் காட்டுங்க."

நாற்காலியில் இருக்கும் பெண்மணி கழுத்தைத் திருப்புகிறார். கொப்புளம் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நீர் கோத்து மினுங்குவதாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பெண் பார்க்கப் போனபோதுகூட மனிதர் இத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்கமாட்டார்.

தோல் பிரிவு ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஊசி முனையால் கொப்புளத்தைத் திறந்து, அடிப்பகுதியை மெல்லச் சுரண்டி, ஸ்லைடில் தடவி, நீலச் சாயம் ஊற்றுவார். மைக்ரோஸ்கோப்பில் ஒரே செல்லுக்குள் ஐந்தாறு கரு நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தால், "வந்துட்டாங்கய்யா குடும்பத்தோட!" என்பார். ஹெர்பிஸ் வைரஸ் குடும்பம் என்பதுவரைதான் ஸ்லைடு சொல்லும். அக்கியா, சின்னம்மையா, உதட்டுப் புண்ணா என்று பிரித்தறிய, பஞ்சுக் குச்சியில் ஒற்றியெடுத்துப் பக்கத்து அறை பிசிஆர் மெஷினுக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்பும் தாளில் 'புண்ணுக்கு எத்தனை நாள்?' என்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் தாள் வந்த வழியே திரும்பிப் போகும். "பொருக்குத் தட்டின புண்ணுல வைரஸ் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா டாக்டர்? அதுல நெகட்டிவ்னு வந்தா, 'கெடைக்கல'ன்னுதான் அர்த்தம். 'இல்லை'ன்னு அர்த்தமில்ல." இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ளாத இளம் டாக்டர் அங்கே கிடையாது.

இந்த மனிதருக்குத்தான் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பெண் பிறந்தாள். முதல் வாரம் முழுக்கக் குழந்தையைக் கீழே விடவில்லை. எட்டாம் நாள் காலை, கீழுதட்டில் சுருக்கென்று ஓர் எரிச்சல். சவரக் கத்தி கீறியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் அங்கே கடுகளவுக்கு இரண்டு நீர்க்கொப்புளங்கள் நின்றன.

பெரியவர்களுக்கு அது பத்து நாள் தொல்லை. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் மூளைவரை போகும். அவருக்குத் தெரியாததா? அன்றிலிருந்து முகமூடியோடு வாசல் அறையில்தான் படுக்கை. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகும் உள்ளே போகவில்லை.

"முகமூடி போட்டுக்கிட்டு, கையைக் கழுவிட்டுத் தூக்கலாம்னு டாக்டரே சொல்றாங்களே?" என்றாள் மனைவி.

"தூக்கிட்டா முத்தம் குடுக்காம இருக்க என்னால முடியாது."

தினமும் கதவோரம் நின்று பார்ப்பார். உச்சந்தலையில் அந்த மெத்தென்ற இடம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். அங்கே ஒருமுறை உதட்டை வைக்கவேண்டும் என்று பாவம், தவியாய்த் தவித்தார்.

ஊரார் கொப்புளத்தை உடனே சுரண்டுகிறவர், தன் கொப்புளத்தை நான்கு நாள் தொடவில்லை. 'ஆமாம்' என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஐந்தாம் நாள், எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டிய பிறகு, கண்ணாடி முன் நின்று தானே ஒற்றியெடுத்தார். தாளில் வயது எழுதினார், இடம் எழுதினார். அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார்.

மெஷின் அறைப் பெண் மறுநாள் ரிப்போர்ட்டைக் கொடியாக ஆட்டிக்கொண்டு வந்தாள். "சார், நெகட்டிவ்! நம்ம சார் தாளாச்சேன்னு கட்டம் காலியா இருந்தும் வாங்கிக்கிட்டேன். முதல்ல வீட்டுக்குப் போங்க, பாப்பாவைத் தூக்குங்க!"

அவர் சிரித்தார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

ரிப்போர்ட்டைப் படித்த மனைவியின் கண் நிறைந்துவிட்டது. "அப்புறம் என்னங்க? இந்தாங்க." குழந்தையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவர் கையும் நீண்டது. பாதி தூரத்தில் நின்றது.

"இது... செல்லாதும்மா."

"என்னது செல்லாது? இல்லைன்னு போட்டிருக்கே!"

"காஞ்சதுல எடுத்தேன். வேற யாராவது குடுத்திருந்தா மூஞ்சில விட்டெறிஞ்சிருப்பேன்." கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "பொருக்கு உதிர்ந்து, தோல் சரியாகட்டும். இன்னும் நாலஞ்சு நாள்தான்."

அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

குளியலறை வாளியில், துவைப்பதற்காகக் குழந்தையின் சட்டை ஒன்று கிடந்தது. கதவைத் தாழிட்டார், முகமூடியைக் கழற்றினார். சட்டையை எடுத்து முகத்தோடு சேர்த்து, கழுத்து, கை, முதுகு என்று ஓரிடம் விடாமல் முத்தமிட்டார். பிறகு அதை வாளியில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினார்.