வேர்க்குழியில் ஒரு சூடம்

செயின்சாவுக்கு ஊற்றும் டூ-டி ஆயிலும் பெட்ரோலும் கலந்த வாடை. அதோடு ஈர மரத்தூள்... எத்தனை முறை சோப்பு போட்டாலும் போகாது. இருபத்திரண்டு வயதில் என் வாசனையே அதுதான். பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும்.

அப்போது நானும் அந்தோணியும் ஒரு கான்ட்ராக்டரிடம் மரம் வெட்டும் வேலையில் இருந்தோம். அவன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். நான் பண்டமாரான்காரன். பெட்டாலிங் ஜெயா, செராஸ் என்று நகரைச் சுற்றி எங்கே மரம் சாய்ந்தாலும் லோரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். செயின்சா என் கையில், கயிறு அவன் கையில்.

ஹெல்மெட் லோரி சீட்டுக்கு அடியில் கிடக்கும். காதுக்குப் பஞ்சு மட்டும். முறையாகச் சொல்லித் தர யாரும் இல்லை. செயின்சாவின் மூக்கு நுனி மரத்தில் பட்டால் நம் முகத்துக்கே திரும்பி வரும் என்பது, தாடையில் ஏழு தையல் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது... எந்த மரமானாலும் அதன் அடியில் ஒரு துண்டு சூடம் கொளுத்தாமல் செயின்சாவைத் தொட மாட்டேன். சூட டப்பா என் பையில் இருக்கும். லைட்டர் அந்தோணியிடம். சிகரெட் பிடிக்கிறவன் அவன்தானே. வேதக்காரன் நெருப்பு கொடுக்க, நான் கும்பிட... "உன் சாமிகிட்ட அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?" என்று தினமும் கிண்டல் செய்வான். ஆனால் லைட்டரை ஒரு நாளும் மறந்ததில்லை.

ஒரு நாள் பேய்மழை பெய்து ஓய்ந்த காலை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீட்டு வாசலில் பெரிய அங்சானா மரம் வேரோடு சாய்ந்து, காரை மறித்துக்கொண்டு கிடந்தது. வேர் மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரச் சுவராக நின்றது. அதற்குப் பின்னால் பெரிய குழி.

வீட்டுக்கார ஆன்டி கேட்டைப் பிடித்தபடி நின்றார். அங்கிளுக்குப் பத்து மணிக்கு டயாலிசிஸாம். கார் வெளியே வந்தாக வேண்டும். ஆன்டி வாட்சைப் பார்க்கப் பார்க்க எனக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. அந்த அவசரத்தில் சூடம் மறந்தே போனது. நேராக அடிமரத்தில் கை வைத்துவிட்டேன்.

இப்படிச் சாய்ந்த மரத்தின் அடியை வெட்டினால், பாரம் விட்டதும் வேர்ப்பக்கம் தூக்கியடித்துப் பழைய குழிக்குள் போய் உட்காரும். இது எனக்கு நன்றாகத் தெரியும். குழியில் யாரும் இல்லை என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை.

நான் மறந்ததை அந்தோணி மறக்கவில்லை. என் பையைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, மரம் அறுபடுவதற்குள் கொளுத்திவிடலாம் என்று வேருக்குப் பின்னால் குழியில் இறங்கியிருக்கிறான்.

மரம் அறுபட்டது. வேர் அசைந்தது. செயின்சாவை நிறுத்திய பிறகுதான் அவன் அலறல் கேட்டது...

அக்கம்பக்கத்தார் எல்லாம் மண்வெட்டி, சங்குலோடு ஓடிவந்து மண்ணைத் தோண்டினார்கள். டயாலிசிஸுக்குப் போக வேண்டிய அங்கிளும் வெறும் கையால் மண்ணைத் தள்ளினார். அந்தோணி உயிர் தப்பினான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டில் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன்தான் பேசினான்.

"லைட்டர் நனஞ்சு போச்சுடா... நாலஞ்சு தடவ தட்டினேன், பத்தல. இல்லன்னா அப்பவே மேல வந்திருப்பேன் லா."

உனக்கு என்னடா வந்தது, நீ ஏன் இறங்கினாய் என்று கேட்டேன்.

"நீ கும்பிடலன்னா நாள் பூரா ஒரு மாதிரியாவே இருப்ப. அதான்."

அதற்குப் பிறகு நான் எந்த மரத்துக்கும் சூடம் கொளுத்தவில்லை.

இப்போது வேலை எவ்வளவோ மாறிவிட்டது. கிரேன் வருகிறது. ஹெல்மெட், காது மூடி, காலுக்குத் தடித்த சிலுவார் எல்லாம் இருக்கிறது. இத்தனை வருடம் செயின்சா பிடித்துப் பிடித்து, காலையில் என் விரல்கள்தான் மரத்துப்போய்ச் சட்டைப் பட்டன் போட வருவதில்லை. அலுத்துவிட்டது... ஆனாலும் வேறு வேலை தெரியாது. அந்தோணி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்டோ அடுக்குமாடியில் செக்யூரிட்டி கார்டாக இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போனால் முதல் தட்டு எனக்குத்தான்.

நேற்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர், வீட்டில் சாய்ந்த மரத்தைத் தானே வெட்டலாமா என்று கேட்டிருந்தார். கிளைகளை வெட்டுங்கள், பரவாயில்லை. வேர் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, தெரிந்தவர்கள் செய்யட்டும். யார் செய்தாலும் முதலில் குழியைச் சுற்றிப் போய்க் கண்ணால் பார்க்கட்டும்.

நான் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. செயின்சாவை அணைத்து, குழிப்பக்கம் நின்று "அந்தோணி" என்று சத்தமாகக் கூப்பிடுவேன். கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகுதான் அறுப்பேன். இப்போது என்னோடு வேலை செய்கிற இந்தோனேசியா, பங்களாதேஷ் ஆட்கள் அது ஏதோ எங்கள் சாமி பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் இடுப்பு வலி. லோரியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே செயின்சா சத்தம் நின்றது. இரண்டு பேர் சேர்ந்து "அந்தோணி" என்று கூப்பிட்டார்கள். நின்றார்கள். பதில் இல்லை என்று தெரிந்த பிறகு மறுபடி சத்தம் கேட்டது.

ஸ்டேரிங்கில் தலையை வைத்து அழுதேன். அன்றைக்கு நான் ஒரே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டிருந்தால்... "இருடா, வரேன்" என்று குழிக்குள்ளிருந்து பதில் வந்திருக்கும்.