பொட்டு அழியாத மெஷின்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். நான் ஓட்டுவது குட்டியானை வண்டி, எழுதுவது லோடு ரசீது. அந்த ரசீதையே படிக்க முடியாமல் கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்திவைப்பார். பாலிடெக்னிக்கில் பாதி வழியில் இறங்கிக்கொண்டவனுக்குப் பேனா எதற்கு? ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காரர்கள் பாடிப் பட்டறையில் நடந்ததைப் பற்றி இப்போது பேசும்போது, "ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சினை வந்தது, சரிசெய்தோம்" என்று முடித்துவிடுகிறார்கள். குங்குமத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதுதான் பொறுக்கவில்லை.

கூட்டம் என்றால் கட்சிக் கூட்டம் இல்லை. வாரம் முழுக்க கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் சிவந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் மாடிக்கு வந்துவிடுவார்கள். கட்டற்ற மென்பொருள் அவர்களுடைய கொள்கை. புரோகிராமை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். அம்பத்தூர் பட்டறைகளுக்கு வேண்டிய மெஷினை அம்பத்தூரிலேயே செய்ய வேண்டும், அதன் மூளைக்குப் பூட்டு இருக்கக் கூடாது என்பார்கள். நான் பஜ்ஜிக்காகப் போனேன்.

இழுத்துக்கொண்டு போனவன் என் நண்பன். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் என் கணக்குப் பரீட்சைக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. ஐடி வேலையை விட்டுவிட்டு ஒரு மெஷின் செய்துகொண்டிருந்தான். பெல்ட்டில் நட்டு ஒவ்வொன்றாகப் போகும். மேலே இருக்கும் கேமரா படம் எடுக்கும். விளிம்பு உடைந்தது, ஓட்டை கோணியது எல்லாவற்றையும் புரோகிராம் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளிவிடும். பார்த்ததும் எனக்கு எங்கள் ஹெட்மாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த கேட்டில் எந்த நாய் கடிக்கும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதனால் விளம்பர இலாகா என்னிடம் வந்தது. லோடு இறக்கும் இடத்திலெல்லாம் மெஷினைப் பற்றி அளந்துவிட்டேன். கூட்டத்தை நடத்துகிற அக்காவையும் நண்பனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனேன். முதலாளிகள் பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, ஓசியில் வருகிற புரோகிராமுக்கு யார் பொறுப்பு என்பார்கள். ஓசி இல்லை, பூட்டு இல்லை, அவ்வளவுதான் என்று அக்கா விளக்குவார். மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த வெயில் காலம் முழுக்க நான் குடித்த மோரில் ஒரு கல்யாணமே நடத்தியிருக்கலாம்.

கடைசியில் பாடியில் நட்டு செய்கிற ஒரு முதலாளி, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்கள் என்றார். அதற்குள் நண்பன் வீட்டுத் தொல்லை தாங்காமல் பழையபடி ஒரு கம்பெனி வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை சேர வேண்டும். பாடியில் ஆர்டர் கிடைத்தால் போகமாட்டான். கிடைக்காவிட்டால் மெஷினைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவான்.

வெள்ளிக்கிழமை காலையில் மெஷினை ஏற்றிக்கொண்டு போகும்போது, பாடி மேம்பாலத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது, "திங்கக்கெழமைக்கு டை கட்ட பழகிக்கினியா மச்சான்?" என்றேன்.

பட்டறை மூலையில் இதே வேலை செய்கிற வெளிநாட்டு மெஷின் ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. அதன் பெட்டியைத் திறக்க இங்கே யாருக்கும் அனுமதி கிடையாதாம். முதலாளி நல்ல பக்திமான். எங்கள் மெஷினை இறக்கிவைத்ததும் சூடம் காட்டினார், தேங்காய் உடைத்தார், கேமராவுக்குக் கீழே பெல்ட்டை மூடியிருக்கிற கண்ணாடித் தகட்டின் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் பெரிதாகக் குங்குமம் வைத்தார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். எங்களிடம் இன்னொரு நாள் இல்லை.

பெல்ட் ஓடியது. முதல் நட்டை மெஷின் ஓரமாகத் தள்ளியது. அடுத்ததையும் தள்ளியது. நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் ஃபெயிலாக்கியது. "லோக்கல்னா இப்டித்தான்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நண்பன் முகம் செத்துவிட்டது.

அக்கா ஸ்கிரீனில் படங்களைத் திறந்தார். ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு சிவப்பு நிலா. மெஷின் மேல் தப்பில்லை. பொட்டு வைத்த நட்டை அது எங்கே பார்த்திருக்கிறது? நண்பன் சட்டைக் கையை இழுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போனான். எட்டிப் பிடித்தேன்.

"கைய எடு மச்சான். அத்த தொடச்சா ஆர்டரையும் சேத்து தொடச்சிடுவ."

முதலாளி வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும். நானே என் வண்டிக் கண்ணாடியைப் பொட்டைச் சுற்றித்தான் கழுவுவேன்.

"அப்ப என்னதான்டா பண்றது?" என்றான்.

அக்கா மெதுவாகச் சொன்னார். "பொட்டு இருக்கட்டும்ப்பா. நட்டு அதுக்கு அடியில வர்றதுக்கு முன்னாடியே படம் எடுக்கச் சொல்லுவோம்."

ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, அங்கேயே புரோகிராமைத் திறந்தார்கள். நான் முதலாளியிடம் போய், இந்தக் குங்குமம் எந்தக் கோயில் என்று பயபக்தியோடு கேட்டேன். அவர் தல வரலாற்றை ஆரம்பித்தார். பாதி முடிவதற்குள் பெல்ட் மறுபடி ஓடியது.

நல்ல நட்டு நேராகப் போனது, உடைந்தது ஓரமாக விழுந்தது. முதலாளி நம்பவில்லை. உடைந்த ஒன்றைப் பொறுக்கி மறுபடி போட்டார், மெஷின் தள்ளியது. திருப்பிப் போட்டார், தள்ளியது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நண்பன் மறைக்காமல் சொன்னான். "நீங்க வெச்ச பொட்டு நட்ட மறைச்சுது சார். அத அழிக்க வேணாம்னு மெஷின மாத்திட்டோம்."

முதலாளி தார்ப்பாய் மூலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அதுல ஒண்ணு மாத்தணும்னா கடல் தாண்டி ஆள் வரணும்ன்றான். நீங்க இங்கியே குந்திகினு மாத்திட்டீங்க."

ராகு காலத்துக்கு முன்பே வெற்றிலைத் தட்டு வந்துவிட்டது. இது இங்கேயே இருக்கட்டும், என் தம்பியின் பட்டறைக்கு இன்னொன்று செய்யுங்கள் என்றார் முதலாளி. திரும்பும்போது மேம்பாலம் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் வந்த பஸ் டிரைவர் திட்டினார். அவருக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்த மாற்றத்துக்குப் 'பொட்டு' என்று பெயர் வைத்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி அக்கா வெளியிட்டார். மோர் கொடுத்து அனுப்பியவர்கள் இப்போது எனக்குப் போன் போடுகிறார்கள். எனக்கு மோர் பிடிக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் நண்பனுக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். டை கட்டிட்டியா மச்சான், ஆபீஸ்ல எறக்கி வுடட்டா?

பதில் உடனே வந்தது.

"வாய மூடிகினு வண்டிய எடுத்துகினு வா, ரெண்டாவது மெஷினுக்கு தகடு ஏத்தணும்."