நிரம்பி வந்த பாட்டில்கள்

ஒரு முழு நாளின் சிறுநீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தருவது பெரிய வித்தை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஜவ்வாது மலைக்கு ஏறிய பிறகு அந்த நினைப்பு போயிற்று.

அறுபதுகளின் தொடக்கம் அது. உப்பு குறைவாகச் சாப்பிடுகிறவர்களின் சிறுநீரகம், உடம்பில் இருக்கிற கொஞ்ச உப்பை வெளியே விடாமல் எப்படிப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது என் ஆராய்ச்சி. மலைக்காரர்களுக்கு உப்பு செங்கத்துச் சந்தையிலிருந்து தலைச்சுமையாக வரவேண்டும். சாமைச் சோற்றில் அதைச் சிக்கனமாகத்தான் போடுவார்கள். எனக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தால் பாதிகூட நிறையாமல் திரும்பி வரும். கொல்லைக்காட்டில் வேலை செய்கிறவர் அங்கேயே ஒதுங்கிவிடுவார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டா போவார்? ஒரு தடவைகூட விடாமல் பிடிக்க வேண்டும் என்று கரடியாகக் கத்தினேன். அடுத்த முறையும் பாதிதான். "இனியும் சரியாக வராவிட்டால் மலையை மறந்துவிடும்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த முறை எல்லாப் பாட்டிலும் கழுத்துவரை நிரம்பியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு விவசாயி புளி மூட்டையோடு காட்டிலிருந்து வந்தார். அவர் பெயர் ஒட்டிய பாட்டில் என் கையில் நிரம்பி இருந்தது.

"நேத்து நீங்க ஊர்லயே இல்லையா?" என்று கேட்டேன்.

"புளி உலுக்கப் போய்ட்டேம்மா. என் தம்பி ரொப்பிட்டான்."

"தம்பியா?"

"ஆமாங்க. ஒருத்தன் ஏருக்கு வர்லன்னா அவன் பங்க இன்னொருத்தன் ஓட்டமாட்டானா? போன தபா பாதி பாட்டிலப் பாத்து உங்க மூஞ்சி சுண்டிப்போச்சு. பாவமா இருந்துச்சு. அதான் யார்துலயும் கொற வைக்கக் கூடாதுன்னு எல்லாரும் சேந்து ரொப்பினோம்."

"ஒவ்வொருத்தர் உடம்பையும் தனித்தனியாப் பாக்கணும்னுதானே பாட்டில் கொடுத்தேன்?"

"ஒரே ஒலைல பொங்கித் துண்றோம். தனித்தனியா இன்னாத்துக்கு?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கலந்துபோன சிறுநீரைக் கொண்டுபோய் என்ன அளப்பது? பாட்டில்களை ஒவ்வொன்றாகப் புதரோரம் கவிழ்த்தேன். அவர் மூட்டையை இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாம்மா, பத்தலியா?" என்றார்.

மலை ஆராய்ச்சி அத்தோடு நின்றது. பேராசிரியர் என்னை எலிகளிடம் அனுப்பினார். கூண்டுக்கு ஒரு எலி, அடியில் ஒரு புனல், புனலுக்குக் கீழே ஒரு குப்பி. எந்த எலியும் இன்னோர் எலிக்காக ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை. கணக்கெல்லாம் சுத்தமாக வந்தது, பட்டமும் கிடைத்தது. ஆற்றாமை மட்டும் இன்றுவரை தீரவில்லை. நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது எலிகளைப் பற்றி அல்ல, அந்த மனிதர்களைப் பற்றி.