பிரட் மெஷினுக்கு வைத்த சந்தனம்

வெளிநாட்டில் வேலை பார்த்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களுக்கு ஒரு பிரட் மெஷின் வாங்கி வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் போட்டு மூடிவிட்டால் அதுவே பிசைந்து, பொங்கவைத்து, சுட்டும் கொடுத்துவிடுமாம். எங்கள் வீட்டிலும் அது பிசைந்தது, சுட்டது, பொங்கத்தான் மறுத்தது.

முதல் ரொட்டியைத் தட்டிப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "இன்னாக்கா இது, அம்மிக்கல்லு கணக்கா கீது" என்றாள். கொதிக்கிற தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைச் சாகடித்திருந்தாள் அம்மா. இரண்டாவது ரொட்டி ஜோராக எழும்பி நடுவில் குழிந்துபோனது, தண்ணீர் அதிகம். மூன்றாவதில் உப்பும் ஈஸ்ட்டும் ஒரே மூலையில் விழுந்துவிட்டன, உப்புப் பட்ட ஈஸ்ட் எழும்பவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பா, மெஷினோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவார். அங்கே கோளாறு ஒரு பக்கம், காரணம் எதிர்ப்பக்கம். தொழிற்சாலையில் ஃபிட்டர் அவர். காரணத்தின் மேல் விரலை வைத்து, "மெஷின் மேல தப்பே இல்ல. எல்லாம் உன் கைக்கணக்கு" என்பார். கண்ணளவில் உப்புப் போட்டே பழகி, ஒருநாளும் தப்பாத அம்மாவுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

அம்மா விடவில்லை. கப்பில் அளக்கப் பழகினாள். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஒரு ரொட்டி, அடேயப்பா, பஞ்சு மாதிரி வந்தது. உடனே, லீவில் வந்திருந்த மாமாவை விஜயதசமி அன்று சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். தம்பி கொடுத்த மெஷினில் ஒரு ரொட்டி சுட்டு அவன் தட்டில் வைக்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான்.

பூஜை அன்று அப்பாவின் ஸ்பேனர்கள், என் சைக்கிள், மிக்ஸி வரிசையில் பிரட் மெஷினும் உட்கார்ந்தது. அதன் பாத்திரத்தைக் கழுவிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பொட்டு வைப்பது என் வேலை. வெளியே நாலு பொட்டு வைத்தால் போதாதா? எட்டு வயதுக்குப் பக்தி முற்றிப்போய், மூடியைத் திறந்தேன். பாத்திரத்தின் அடி பொருந்திச் சுழலும் குழியில் சந்தனத்தை உருண்டையாக அப்பி, குங்குமமும் வைத்து மூடினேன். ராத்திரிக்குள் அது கல்லாகக் காய்ந்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா ஒவ்வொன்றாக அளந்தாள். நான்தான் பக்கத்தில் நின்று அளவைப் படித்துச் சொன்னேன். ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை. பாத்திரத்தை உள்ளே வைத்து அமுக்கி, பொத்தானைத் தட்டிவிட்டுச் சாம்பாரைப் பார்க்கப் போனாள். இடையில் மூடியைத் திறந்தால் ரொட்டி அமுங்கிவிடும் என்று புத்தகம் சொன்னதால், மூன்றரை மணி நேரமும் அவள் திறக்கவே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாத்திரம் குழியில் சரியாக உட்காராததால் உள்ளே ஒன்றுமே சுழலவில்லை.

மாமா முன்னால் திறந்தபோது மேலே காய்ந்த மாவு, கீழே களி. அப்பா சிரித்தார். "பாத்தியா மச்சான், உங்கக்கா இன்னிக்கும் கைக்கணக்குதான்."

"அளந்துதாங்க போட்டேன். புள்ளையக் கேளுங்க, பக்கத்துலதான் நின்னுச்சு."

எனக்கு அதற்குள் அந்தக் குழி ஞாபகம் வந்துவிட்டது. அளந்தாள் என்றால் அப்பா அடுத்த காரணத்தைத் தேடுவார், மெஷினைப் பிரித்துவிடுவார். "அம்மா அளக்கவே இல்ல. சும்மா கொட்டினாங்க" என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "விடுக்கா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் மாமா. அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா கிளம்பிய பிறகு அப்பா மெஷினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டச் சுரண்டச் சந்தனம் உதிர்ந்தது. அடி விழப்போகிறது என்று நான் கதவோரம் நகர்ந்தேன். அவரோ சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தூளை வெளியே தட்டிவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாத. நமக்குள்ள இருக்கட்டும்."

அப்பா என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து ஒரு வாரம் அவர் பின்னாலேயே சுற்றினேன். மச்சான் முன்னால் சொன்ன சொல்லை அவரால் திருப்பி எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். இது புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

அம்மா பிறகு அந்த மெஷினைத் தொடவே இல்லை. அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன மாதம் பரணைச் சுத்தம் செய்து அதைப் பழைய சாமான்காரரிடம் போடும்போது, அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "அன்னிக்கு அளந்த மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா புள்ள பொய்யா சொல்லும்? நான்தான் ஏதோ நெனப்புல கொட்டியிருப்பேன்."

நான் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். தலையை நிமிர்த்தவில்லை.