காரம் போடாத இலை

என் மாமா மகள் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மரபணுச் சோதனைக்கென்று ஒரு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பி வம்பை விலைக்கு வாங்கினாள். அவள் உடம்பில் ஒரு பங்கு அயர்லாந்து இருக்கிறதாம். அதை வரைபடத்தோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டாள். பாதிப் பேர் கைகூப்பினார்கள், ஒருவர் வாழ்த்துகள் என்று எழுதினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு, மார்கழிக் குளிரில், மாமாவிடமிருந்து போன்.

"ஏம்மா, பாத்தியா? அயர்லாண்டாமே. அப்ப நான் இத்தனை வருஷமா திதி குடுத்தது யாருக்கு?"

எங்கள் குடும்பத்தில் வருஷத்துக்கு இரண்டு திதி. ஒன்று மாமாவின் அப்பாவுக்கு, இன்னொன்று மாமாவின் தாத்தாவுக்கு. தாத்தா திதி ஆடி மாதம் தேய்பிறை திரயோதசியில் வரும். மாமா அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய், பச்சிமவாகினிப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விட்டு, தாத்தா பெயரைச் சொல்லிப் பிண்டம் வைப்பார். சுத்தமான சாமி பெயர் அது. பிறகு மைசூருக்குத் திரும்பி வீட்டில் படையல். அந்த இலையில் மட்டும் எதிலும் மிளகாய் இருக்காது. ஏன் என்று கேட்டால், தாத்தாவுக்கு வயிற்றுப் புண் என்பார்கள். படைத்த இலையில் யார் உட்காருவது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும்; யாருக்கும் அது வேண்டாம்.

மாமாவுக்கு எண்பத்தொரு வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, முழங்கால் இரண்டும் போயாயிற்று. இந்த வருஷத்தோடு ஆற்றுப்படி இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவர் கேட்டது வேடிக்கைக்கு இல்லை.

"நான் போய்ச் சேந்தா அவர் மொகத்துல முழிக்கணுமே. யார் பேருக்குடா சோறு போட்டேன்னு கேட்டா என்ன சொல்றது? அவரு நெஜப் பேரு எனக்கு வேணும். ஆடிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடு." போனில் அழுதார். எனக்குப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ஏன் மாமா, நான்தான் கெடச்சேனா?"

"நீதான் புஸ்தகத்துக்கு நடுவுலயே குடித்தனம் பண்ணவளாச்சே!"

ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் சொந்தக்காரர்கள் அதற்கு அர்த்தம் வைத்திருந்தார்கள். எனக்கு இனி வேலை வெட்டி இல்லை, உலகத்தில் எந்தக் காகிதம் எங்கே கிடந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

சொந்தக்காரர்களை விசாரிப்பதிலிருந்து தொடங்கினேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். மாமாவைக் கேட்டேன். தாத்தா பட்டு வியாபாரி என்றார். எப்படித் தெரியும் என்றால், வீட்டில் பழைய பட்டு அங்கவஸ்திரம் ஒன்று இருந்ததாம். எங்கள் வீட்டில் இடியாப்பக் குழல்கூடத்தான் இருந்தது, இடியாப்பம் விற்றாரா?

நஞ்சன்கூட்டுக்கு ரயில் ஏறிப் போய், அம்மாவுடைய சித்தப்பா மகளைப் பார்த்தேன். எனக்குச் சித்தி முறை. வயிறு முட்டச் சோறு போட்டுவிட்டுச் சொன்னாள்: "தாத்தா ரயில்வேல கார்டு."

"எந்த ரயில்ல சித்தி?"

"அதெல்லாம் யாரு கேட்டா?"

"வெள்ளைக்காரரா?"

"நல்ல செவப்பா இருப்பாராம். நம்ம வீட்டுல எல்லாருமே செவப்புதானே." சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ மட்டும் உங்கப்பா ஜாடை."

சித்தியின் அப்பா ரயில்வே, புருஷன் ரயில்வே, இரண்டு மகன்களும் ரயில்வே. கடவுளைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அவர் ரயில்வேயில்தான் இருக்கிறார் என்றிருப்பாள்.

அடுத்தது ராமாபுரம். கொள்ளேகாலில் பஸ் மாறி, ஹனூர் தாண்டி, இடுப்பு கழன்று போய்ச் சேர்ந்தேன். அங்கே மாமாவின் அத்தை மகன் இருக்கிறார். எனக்குப் பெரியப்பா முறை. தொண்ணூறு வயதுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அதனால் நான் கேட்டதைப் புரியாத மாதிரி அவரால் நடிக்க முடியவில்லை.

"வெள்ளக்காரனா? நம்மூட்லயா? ஆரு கண்ணு உனக்குச் சொன்னது? அவிங்க வாயில மண்ணு வுழ!"

ஒரு மணி நேரம் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சரி, வந்ததற்கு மோர் குடித்த மட்டும் மிச்சம் என்று பையை எடுத்தேன். அப்போது அவர் மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் குதிரைக்காரத் தாத்தன் திதிக்கு ஒருக்கா மைசூருக்குப் போயி வரோணும்னு பாக்கறேன், முடியறதில்ல."

பையைக் கீழே வைத்தேன். "எந்தக் குதிரைக்காரத் தாத்தா?"

"நீ கேட்ட அதே தாத்தன்தான். மைசூர்ல பெரிய எடத்துக் குதிரைங்களையெல்லாம் அவருதான் பழக்கறது. இங்கிலீசுலதான் வைவாராம். வெயில்ல நின்னாருன்னா மொகமெல்லாம் தக்காளியாட்டச் செவந்துக்குமாம்."

"பின்ன வெள்ளைக்காரர் இல்லன்னு ஏன் பெரியப்பா சொன்னீங்க?"

"குதிரைக்காரரான்னு நீ கேக்கவே இல்லையே கண்ணு."

பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம்.

பிறகு காகிதங்கள். மைசூரில் பழைய இங்கிலீஷ்காரர்கள் போய்வந்த தேவாலயத்தில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, அடக்கப் பதிவேடுகளை இரண்டு மாதம் புரட்டினேன். தும்மித் தும்மி மூக்கு வீங்கியதுதான் கண்ட பலன். கடைசியில் அங்கிருந்த வயதான குமாஸ்தா பொறுக்க முடியாமல் கேட்டார்: "அயர்லாந்துன்னு சொல்றீங்க. அவங்க பெரும்பாலும் கத்தோலிக்கர் ஆச்சே மேடம். இந்தப் புராட்டஸ்டண்ட் சர்ச்சுல எதுக்குத் தேடறீங்க?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நம் ஆட்களில் ஒருவரைப் பார்த்தால் போதும், எந்த ஊர், எந்தக் கிளை, எந்தக் குலதெய்வம், பொண்ணு எங்கே கொடுத்தீர்கள் என்று தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே ஏழு கேள்வி கேட்போம். வெள்ளைக்காரன் என்றால் மட்டும் எல்லோரும் ஒரே மூட்டை. நானும் அப்படித்தான் கட்டிவைத்திருந்தேன், முப்பத்து மூன்று வருஷம் நூல்களை வகை பிரித்து அடுக்கியவள்.

கத்தோலிக்கத் தேவாலய அலுவலகத்தில் இருந்தவர் தமிழர். நல்ல மனிதர். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"எந்த வருஷம் இறந்தாருங்க?"

"வருஷம் தெரியாது."

"தேதியாவது?"

"ஆடி மாசம், தேய்பிறை திரயோதசி."

பேனாவை மூடி வைத்தார். "மேடம், இது சர்ச்சு."

நாளைக் காப்பாற்றிவிட்டு வருஷத்தைத் தூக்கி எறிந்த குடும்பம் எங்களுடையது. அவரிடம் அதை எப்படிச் சொல்வது? மாமாவின் அப்பா பிறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறேன் என்றேன். மனு எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஃபாதர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஃபாதர் ஊரில் இல்லை. மூன்று செவ்வாய்க்கிழமை நடந்தேன். இதற்கிடையே மாமா தினமும் சாயங்காலம் போன். "ஆய்த்தா? கெடச்சுதா?" ஒருநாள், "கெடச்சா நான் சொல்ல மாட்டேனா மாமா, கட்டி வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்?" என்று கத்தியேவிட்டேன். மறுநாளும் போன் வந்தது.

ஆனி மாதத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். பழுப்பு மை, சாய்ந்த எழுத்து. தொழில்: குதிரைப் பயிற்சி. பிறந்த இடம்: அயர்லாந்து. இறந்த தேதியைக் கைபேசியில் இருந்த பஞ்சாங்கச் செயலியில் போட்டுப் பார்த்தேன். ஆடி, தேய்பிறை, திரயோதசி. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பெயரை மறைத்தார்கள், நாட்டை மறைத்தார்கள், மதத்தை மறைத்தார்கள், இல்லாத வயிற்றுப் புண்ணை உண்டாக்கினார்கள். நாளை மட்டும் ஒரு நாள்கூடப் பிசகவிடவில்லை.

அடுத்த கட்டத்தையும் படித்தேன். மணமாகாதவர். உறவினர் எவருமில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாமாவின் அப்பா, சித்தியின் அப்பா, பெரியப்பாவின் அம்மா என்று மூன்று பிள்ளைகள் பெற்ற மனுஷன் மணமாகாதவராம்! ஒருத்தி அவருக்காகக் காரம் போடாமல் சமைத்திருக்கிறாள். அவர் செத்த நாளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். அவளைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்து கிடையாது. எழுதியவர் எப்போதோ செத்துப்போயிருப்பார், யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? அவர்கள் அவளை எழுதவில்லை, நாங்கள் அவரைச் சொல்லவில்லை.

நகல் வாங்கிக்கொண்டேன். ஆனால் மாமாவிடம் பெயரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நாள் அதைச் சொல்லிப் பழகினார். "நாக்கு சுளுக்கிக்குதும்மா," என்று சிறுபிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். ஆறாம் நாள், "காகிதத்த எங்க காணோம்?" என்று பிடித்துக்கொண்டார். வீட்டில் இருக்கிறது, பிறகு தருகிறேன், பீரோ சாவி கிடைக்கவில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். விடுகிற ஆளா? கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிக்கு வரி படித்தார். அந்தக் கட்டத்தில் விரல் நின்றது.

"ஹௌதா?" என்றார். அப்படியா என்று கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் போன் வரவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவை. இந்தப் போனை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்! அன்றைக்கு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

திரயோதசியன்று நானும் மாமாவுடன் போனேன். ஒரு கையை நானும் மறு கையைக் கார் டிரைவரும் பிடித்துப் படி இறக்கினோம். மழைத் தண்ணீர் இரண்டு படி ஏறியிருந்தது. வழக்கமாக வரும் புரோகிதர்தான், தமிழ் நன்றாகப் பேசுவார். பழைய பெயரைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் மாமா தடுத்தார்.

"பேரு மாறிருக்கு சாமி."

புதுப் பெயரைச் சொன்னார். புரோகிதர் இன்னொரு தடவை கேட்டார். பிறகு ஒன்றும் ஆச்சரியப்படாமல், "கோத்திரம்?" என்றார்.

"தெரியாது."

"காசியபம்னு வெச்சுக்கலாம்."

அந்த வகையில் எங்கள் குதிரைக்காரத் தாத்தா காசியப கோத்திரம் ஆனார்.

"ஒங்களுக்கு என்ன வேணும் அவரு?"

"எங்க அப்பாவுக்கு அப்பா."

"சரி, பிதாமகர்," என்று புரோகிதர் தர்ப்பையை எடுத்தார்.

"எங்க பாட்டிக்குப் புருஷன்," என்றார் மாமா.

"அது மந்திரத்துல வராதுங்க."

"வரலேன்னா தமிழ்லயே சொல்லுங்க. எங்க பாட்டிக்குப் புருஷன். கட்டுன புருஷன்." சட்டை இல்லாத மார்பில் எதையோ தேடுகிற மாதிரி கை போனது. காகிதம் காரில் சட்டைப் பையில் இருந்தது.

புரோகிதர் என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. போதும், விடுங்க மாமா என்று சொல்லத்தான் எட்டு மாதமாகக் காத்திருந்தேன்.

"சொல்லுங்க சாமி," என்றேன்.

அவர் சொன்னார். மந்திரத்துக்கு நடுவில், சத்தமாக, தமிழில். மாமா அதைக் கேட்ட பிறகுதான் கையைச் சாய்த்துத் தண்ணீரை விட்டார்.