ஞானமுத்து அண்ணாச்சியின் இடுப்பெலும்பு

செவ்வாய்க்கிழமை காலை, வெளிநோயாளிகள் வரிசை பாதிகூட நகரவில்லை. எக்ஸ்ரே அறைச் செல்வி கதவோரம் வந்து நின்று, "டாக்டர், அண்ணாச்சி போயிட்டாவ" என்றாள். எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பாளையங்கோட்டை மருத்துவமனையில் அப்படிச் சொன்னால் எக்ஸ்ரே எடுக்கும் ஞானமுத்து ஒருவர்தான். எதிரே உட்கார்ந்திருந்த முக்கூடல்காரரின் முழங்காலை நான் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

இந்த ஊரில் இதை வாசிக்கும் உங்களில் பலரது எலும்பை உங்களுக்கு முன்பே பார்த்தவர் அவர். இடுப்புப் படம் எடுக்கும்போது இரண்டு கால் பெருவிரல்களையும் துணிநாடாவால் சேர்த்துக் கட்டிவிடுவார். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்தால், தொடையெலும்பின் கழுத்து படத்தில் வேறு அளவில் விழும். "பைய படுங்க. கால் திரும்பிச்சுன்னா எலும்பு பொய் சொல்லும்" என்பார். கல்யாணத்தில்கூட இவ்வளவு கவனமாக முடிச்சுப் போடமாட்டார்கள் என்று நான் கேலி செய்வேன்.

அவருடைய வலது இடுப்பே தேய்ந்தபோது, கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பியவன் நான். எலும்பின் பந்துமுனையை வெட்டியெறியாமல், மேலே மட்டும் சீவி உலோகத் தொப்பி மாட்டும் சிகிச்சை அப்போது புதிது. சொந்த எலும்பு மிஞ்சும் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். ஆறே மாதத்தில் ஆற்றுப்பாலத்தை நடந்தே கடந்து வந்தார்.

வருடம் ஒரு படம் எடுத்துப் பார்த்தோம். தொப்பி மாட்டிய எலும்பு சும்மா இருப்பதில்லை. சுமை விழும் இடத்தில் தடிக்கும், விழாத இடத்தில் கரையும். "வேலை கொடுக்கலேன்னா எலும்பு கோவிச்சுக்கிட்டுப் போயிரும், டாக்டர்" என்று சிரிப்பார். மூன்றாம் வருடப் படத்தில், தொப்பிக்குக் கீழே கழுத்து மெலிந்திருந்தது. சென்னைக்கு அனுப்பியவன் நான் அல்லவா? "செல்வி எடுத்த படம்தானே, கால் திரும்பியிருக்கும்" என்றேன். மறுநாள் தன் கால் பெருவிரல்களைத் தானே கட்டிக்கொண்டு படுத்து, இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். கழுத்து அதே அளவுதான் இருந்தது. "அடுத்த வருஷம் பாப்போம் அண்ணாச்சி" என்றேன். சரி என்று போனார்.

அடுத்த படத்துக்கு அவசியமில்லாமல் போயிற்று. ஒருநாள் மருத்துவமனை வராந்தாவில் நடக்கும்போதே அந்தக் கழுத்து முறிந்தது. விழுந்ததால் முறியவில்லை, முறிந்ததால் விழுந்தார். மறு அறுவை, புண்ணில் சீழ், நான்கு மாதப் படுக்கை.

கடைசியாகப் பார்த்தபோது, "அன்னிக்குக் கால் திரும்பல அண்ணாச்சி. தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்" என்றேன்.

"எனக்கு மட்டும் தெரியாதா டாக்டர்? எத்தனை வருஷமா படம் எடுக்கேன்." மூச்சு வாங்கியது. "நடக்கது நல்லா இருந்துச்சு. அதான் நீங்க சொன்னத நம்பிக்கிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பயம். யாராவது "வலியே இல்ல டாக்டர், நல்லா நடக்கேன்" என்று சந்தோஷமாக உள்ளே வந்தால், அவர்தான் வருகிறார் என்று தோன்றுகிறது. படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும்வரை, அந்த முகத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடிவதில்லை.