ஆட்டம் கையிலா, வண்டியிலா

அறுபதுகளின் கடைசியில், பட்டாபிராம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய ராணுவ ஜீப்புகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், புருவத்தில்கூட கிரீஸ் இருக்கும். எங்கள் செங்கல் சூளை முதலாளி ஏலத்தில் எடுத்த ஜீப் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அதற்கு நான்தான் டிரைவர். ஒருநாள் அதை அந்த மெக்கானிக்கிடம் கொண்டு போனபோது முதலாளியும் என்னோடு வந்தார்.

"வண்டி நல்லாத்தான் கீது. இவன் கைதான் சரியில்ல. நாளைக்கு வேற டிரைவர வெச்சிக்கப் போறேன்" என்றார்.



மெக்கானிக் ஜீப்பின் கீழே படுத்தார். என்னை ஸ்டீரிங்கை அசைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். எந்த வண்டிக்கும் அப்படித்தான் செய்வார். பிறகு எழுந்து முதலாளியிடம், "நைனா, நீ கொஞ்சம் ஓட்டு" என்றார்.

முதலாளி ஓட்டினார். ஜீப் சாலையை விட்டு முள்வேலியில் போய் முட்டியது.

"இன்னா நைனா, உன் கையும் சரியில்லியா?"

முன்சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனைகள் தேய்ந்திருந்தன. மாற்றியதும் வண்டி நேராக ஓடியது. வேறு டிரைவர் பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை.

மெக்கானிக் என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. முதலாளியை ஓட்டச் சொன்னது எனக்காகவா, வண்டியைச் சோதிக்கவா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.